வீல்சேர் பயன்படுத்துகிறவர்களுக்குத் தோள்வலி: வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள்?

ஆத்தூர்_சக்கரம்

எல்லோருக்கும் வணக்கம். வயது 34. மூன்று வருடத்துக்கு முன்பு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தது. டி10 லெவல், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் மேலிருந்து பத்தாவது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கைகள் இரண்டும் முழு பலத்தோடு இருக்கின்றன. இருந்தன என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நான்கு மாதமாக வலது தோளில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது படம் போட்ட ஒரு தாள் கொடுத்தார்கள். எல்லாமே காலுக்கான பயிற்சி. என் தம்பி தினமும் காலை மாலை முட்டியை மடக்கி நீட்டிவிடுகிறான். கையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. நானாகவே கைக்கு பலம் வேண்டும் என்று நினைத்து, வீல்சேரின் கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்குவது தினமும் 50 தடவை, 5 கிலோ டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குவது 30 தடவை என்று செய்து வருகிறேன். வலி கூடித்தான் போயிருக்கிறது.

பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போய்க் கேட்டேன். வாசலில் மூன்று படி. படிக்குக் கீழேயே நிறுத்தி, "ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு" என்று அனுப்பிவிட்டார்கள். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

பிசியோ_திருச்சி

அந்த இரண்டு பயிற்சிகளையும் இன்றே நிறுத்துங்கள். நீங்கள் சோம்பேறியாக இருந்து வந்த வலி அல்ல இது. தப்பான பக்கத்துக்கு உழைப்பு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்துக்குள் பந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். உடம்பின் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. தோள்மூட்டில் அந்தக் கிண்ணம் ஆழமே இல்லாத ஒரு தட்டு. எல்லாப் பக்கமும் கை எட்ட வேண்டும் என்பதற்காக அப்படி. உங்களுக்கு இப்போது இடுப்பு செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்கிறது. அப்புறம், சக்கரத்தைத் தள்ளும்போது உழைப்பது மார்புத் தசையும் தோளின் முன்பக்கமும். தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிற முதுகுத் தசைகளுக்கு நாள் முழுவதும் வேலையே இல்லை. முன்பக்கம் இறுகிப் பின்பக்கம் தளர்ந்தால் தோள் முன்னால் சரிந்து வரும். அந்த நிலையில் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உள்ளே இருக்கிற தசைநாண் எலும்புக்கு இடையில் நசுங்கும். நீங்கள் செய்த இரண்டு பயிற்சியும் ஏற்கெனவே களைத்துப்போன பக்கத்துக்கே மறுபடியும் வேலை கொடுத்திருக்கின்றன.

உங்களுக்கு வேண்டியது இழுக்கிற பயிற்சி. தள்ளுவதை வாழ்க்கையே கொடுத்துவிடுகிறது.

ஒன்றை முதலில் சொல்லுங்கள். விரல்கள் மரத்துப்போகின்றனவா, கைப்பிடி தளர்ந்திருக்கிறதா? அப்படி இருந்தால் பயிற்சியை ஆரம்பிக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சில வருடம் கழித்து வடத்துக்குள் நீர்க்கட்டி உருவாகி இப்படிக் காட்டுவதுண்டு.

ஆத்தூர்_சக்கரம்

மரத்துப்போகவில்லை மேடம். கைப்பிடி பழைய மாதிரிதான் இருக்கிறது. மூன்று வருடத்தில் என் தோளைப் பற்றி ஒருவர் விளக்கிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பென்ச்பிரஸ்_நெல்லை

தம்பி, நானும் டி12. ஒன்பது வருடமாகப் பாரா பவர்லிஃப்டிங். படுத்துக்கொண்டு பென்ச் பிரஸ் மட்டும்தான் போட்டி. காலை பெல்ட் போட்டுப் பலகையோடு கட்டிவிடுவார்கள், கம்பியை மார்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தூக்க வேண்டும். முழுக்க முழுக்கத் தள்ளுகிற விளையாட்டு. முதல் இரண்டு வருடம் அதை மட்டுமே செய்து இடது தோளைக் கெடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் கம்பியைத் தொடவில்லை. இப்போது நான் வைத்திருக்கிற கணக்கு: ஒரு செட் தள்ளினால் இரண்டு செட் இழுக்க வேண்டும். வலி திரும்பி வரவில்லை.

எடையைக் கண்டு பயப்பட வேண்டாம். மேடம் சொல்கிற முதுகுப் பயிற்சி பிடிபட்ட பிறகு மெதுவாக எடை கூட்டுங்கள். நமக்குத் தோள்தான் கால்.

ஜிம் விஷயம். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், நாம் உள்ளே போக வசதி செய்வது பற்றிய 46-ஆம் பிரிவு தனியார் சேவைகளுக்கும் பொருந்தும். சட்டத்தைப் பேசலாம், பேச வேண்டும். ஆனால் சாய்தளம் பற்றிப் பேசும்போது அளவையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி என்றால் சுமார் ஒன்றரை அடி உயரம் இருக்கும், பதினெட்டு அடி நீளச் சாய்தளம். தெருவில் இடமில்லை என்பார்கள். பலகையைச் செங்குத்தாகப் போட்டு "ரேம்ப் வைத்துவிட்டோம்" என்பார்கள். அதில் ஏறித்தான் தோள் போகும். நான் முதலில் போன ஜிம்மில் பக்கவாட்டில் ஜெனரேட்டர் வைத்திருந்த வழி தரைமட்டமாக இருந்தது. நான் சுற்றிப் பார்த்துக் கேட்ட பிறகுதான் அவர்களுக்கே அது தெரிந்தது.

போலியோ1968

தம்பிகளா, கொஞ்சம் பொறுமை. நீங்கள் பேசுகிற வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. ஒரு காலில் காலிப்பர், இரண்டு கக்கத்திலும் கட்டை. அந்தக் கட்டையோடு தாலுகா ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். 47 வயதில், போலியோ தொடாத கை என்று நான் நினைத்திருந்த வலது கை தளர ஆரம்பித்தது. பலம் போகிறதே என்று நானும் டம்பெல் எடுத்தேன். தினமும் எடுத்தேன். ஒரே வருடத்தில் சட்டைப் பொத்தான் போட முடியாத நிலைக்கு வந்தேன்.

பிறகுதான் ஒரு நரம்பியல் டாக்டர் சொன்னார், போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று ஒன்று இருக்கிறதென்று. போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்து வரும். அன்று செத்துப்போன நரம்பு செல்களின் தசை நார்களையும் பிழைத்த செல்களே கிளை விட்டுத் தாங்கி வந்திருக்கின்றன. ஒரு ஆள் மூன்று ஆள் வேலையை நாற்பது வருடம் பார்த்தது போல. அதன்மேல் நான் டம்பெல்லையும் ஏற்றியிருக்கிறேன்.

2014-இல் இந்தியாவைப் போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். நல்ல சேதி. ஆனால் அதற்கு முன்னால் வந்தவர்கள் லட்சக்கணக்கில் இன்னும் இருக்கிறோம், இப்போதுதான் ஐம்பது அறுபது வயதைத் தொடுகிறோம். எங்களிடம் யாரும் "அதிகம் செய்" என்று சொல்லக் கூடாது.

பிசியோ_திருச்சி

ஐயா சொல்வது முக்கியம். ஆனால் அவருக்கானதும் ஆத்தூர்க்காரருக்கானதும் ஒன்றல்ல. ஆத்தூர்க்காரரின் கைக்குப் போகிற நரம்புகள் முழுசாக இருக்கின்றன. அடிபட்டது முதுகில்தான். அவருடைய தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றி வளர்க்கலாம், வளர்க்க வேண்டும். போலியோ வந்தவர்களுக்கு, புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியாத அளவு தளர்ந்த தசைக்குச் சுமையே கூடாது. நன்றாக இருக்கிற தசைக்குக் களைப்பு வராத அளவுக்கு, நடுநடுவே ஓய்வு விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். மறுநாள் காலை எழும்போதும் களைப்பு மிச்சமிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். தண்ணீருக்குள் செய்வது அவர்களுக்கு நல்லது, எடையைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

ஐயா, இப்போது கை எப்படி இருக்கிறது?

போலியோ1968

டம்பெல்லை விட்டேன், கட்டையைக் குறைத்து ஸ்கூட்டருக்கு மாறினேன். மதியம் ஒரு மணி நேரம் படுக்கிறேன். வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் பத்து நிமிடம் கையை அசைக்கிறேன். போனது திரும்பவில்லை அம்மா. ஆனால் பொத்தான் போடுகிறேன். நெல்லைத் தம்பி, நான் உங்களைத் தப்பு சொல்லவில்லை. ஊனம் என்றால் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

பென்ச்பிரஸ்_நெல்லை

புரிகிறது ஐயா. எங்கள் பயிற்சிக் கூடத்துக்குப் போலியோ வந்த ஒரு அண்ணன் வருவார். அவரை நான் எப்போதும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரட்டுவேன். நாளைக்கு அவரிடம் பேசுகிறேன்.

ஆத்தூர்_சக்கரம்

மேடம், நீங்கள் சொன்ன இழுக்கிற பயிற்சிக்கு ரப்பர் பேண்ட் வாங்கிவிட்டேன். சிவப்பு. எங்கே கட்டுவது, எப்படி இழுப்பது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? வீடியோ பார்த்தால் எல்லோரும் நின்றுகொண்டு செய்கிறார்கள்.

பிசியோ_திருச்சி

ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். உட்கார்ந்த நிலையில் உங்கள் மார்புக்கு நேரான உயரம். கம்பியில் துரு இருந்தால் ஒரு பழைய துணியைச் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள், இல்லாவிட்டால் பேண்ட் கிழிந்து முகத்தில் அடிக்கும். வீல்சேரின் இரண்டு பிரேக்கையும் போடுங்கள். டி10 என்பதால் கீழ் வயிற்றுத் தசை உதவாது, முன்னால் இழுபடுவீர்கள். மார்புக்குக் கீழே ஒரு துண்டைச் சுற்றி நாற்காலியின் முதுகோடு கட்டிக்கொள்ளுங்கள்.

பேண்டின் இரண்டு முனையையும் பிடித்து, முழங்கையை விலாவை உரசினாற்போல் பின்னால் கொண்டுபோங்கள். கையால் இழுப்பதாக நினைக்க வேண்டாம். இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் ஒரு பென்சிலை வைத்து நசுக்குவதாக நினையுங்கள். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. ஏறினால் கழுத்துத் தசை வேலையைத் திருடிக்கொள்ளும். இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, விடும்போது மூன்று எண்ணி மெதுவாக விடுங்கள். அவசரமாக விட்டால் பாதிப் பலன் போச்சு.

அடுத்தது, சின்னத் துண்டை மடித்து முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வையுங்கள். முழங்கை மடங்கி, முன்கை நேராக முன்னால். துண்டு கீழே விழாமல் முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்புங்கள். இதற்குச் சிவப்பும் கனமாக இருந்தால் மஞ்சளுக்கு இறங்குங்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையில் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றும் பத்து தடவை, மூன்று செட், வாரத்தில் மூன்று நாள். பத்தாவது தடவையில் இன்னும் இரண்டு செய்ய முடியும் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

பிறகு மார்பை நெகிழ்த்த வேண்டும். கட்டிலில் மல்லாந்து படுத்து, சுருட்டிய துண்டை முதுகெலும்பு நெடுக வைத்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்து ஐந்து நிமிடம். வேறொன்றும் வேண்டாம்.

இன்னும் சில. படுக்கைப் புண் வராமல் இருக்க உடம்பைத் தூக்குகிறீர்கள் அல்லவா, அதற்குப் பதிலாக முன்னால் குனிந்து நெஞ்சைத் தொடைமேல் சாய்த்து இரண்டு நிமிடம் இருங்கள். ஒரு நொடி தூக்கி இறக்குவதைவிட இதில் ரத்தம் நன்றாகத் திரும்பி ஓடும், தோளுக்கும் ஓய்வு. கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், நடுவில் பலகை வைத்து வழுக்கி மாறுங்கள். சக்கரத்தைச் சின்னச் சின்னதாகத் தள்ளாமல் நீளமாக ஒரே வீச்சில் தள்ளி, கையைக் கீழே தொங்கவிட்டுத் திரும்ப எடுங்கள். காற்றடிக்கிற டயர் என்றால் வாரம் ஒருமுறை காற்றுப் பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை!

தம்பி காலை மடக்கி நீட்டுவது நல்லதுதான், தொடரட்டும். வலுக்கட்டாயமாக மட்டும் வேண்டாம். மூன்று வருடம் எடை தாங்காத எலும்பு மெலிந்திருக்கும், முறியும்.

கோவைவாசி

என் கணவருக்காக எழுதுகிறேன். அவருக்குக் கழுத்தில் அடி, சி6. கையை மடக்குவார், நீட்ட முடியாது, விரல் பிடிக்காது. இந்தப் பயிற்சிகள் அவருக்கு ஆகுமா? போன மாதம் மணிக்கட்டில் பட்டையால் பேண்டைக் கட்டி ஆரம்பித்தோம். பதினைந்து நிமிடத்தில் முகமெல்லாம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலி என்றார். நெற்றியில் வியர்வை கொட்டியது. பயந்து நிறுத்திவிட்டோம். அதன்பிறகு தொடவே இல்லை.

பிசியோ_திருச்சி

அக்கா, யூரின் பைக் குழாய் மடங்கியிருந்ததா என்று பார்த்தீர்களா?

கோவைவாசி

ஆமாம்மா! படுக்க வைக்கலாம் என்று தூக்கும்போதுதான் பார்த்தேன். தொடைக்கு அடியில் குழாய் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டதும் பை நிறைந்தது, பத்து நிமிடத்தில் தலைவலி குறைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பிசியோ_திருச்சி

அதுதான் காரணம். உங்கள் மீது தவறில்லை, இதைச் சொல்லி அனுப்ப வேண்டியவர்கள் சொல்லவில்லை. டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்ட எல்லோருடைய வீட்டிலும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய விஷயம் இது. அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதாவது தொல்லை இருந்தால், நிறைந்த மூத்திரப்பை, மலச்சிக்கல், புண், இறுக்கமான பெல்ட் எதுவானாலும், உடம்புக்குத் தெரியும், மூளைக்குத் தகவல் போகாது. ரத்த அழுத்தம் சரசரவென்று ஏறும். சி6 என்றால் அவருக்குச் சாதாரணமாகவே மேல் அளவு 90, 100 என்றுதான் இருக்கும். அவருக்கு 140 என்பதே ஆபத்து. மற்றவர்கள் "140 தானே" என்பார்கள், கேட்காதீர்கள்.

அப்படி வந்தால் படுக்க வைக்கக் கூடாது. நேராக உட்கார வையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள். இறுக்கமானதையெல்லாம் தளர்த்துங்கள். குழாயைப் பாருங்கள். மூத்திரப்பை காலியாகியும் குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. பயிற்சிக்கு முன்னால் பையைக் காலி செய்வதும் குழாயை நேராக்குவதும் முதல் வேலை. அதன்பிறகு தாராளமாக ஆரம்பிக்கலாம். ஒருமுறை டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

நாடித்துடிப்பை வைத்து அளக்காதீர்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு 110, 120, 130-க்கு மேல் போகாது. பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது. அதுதான் சரியான வேகம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்று 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடம் மூச்சு வாங்குகிற பயிற்சியும் தசைப் பயிற்சியும் போதும் ஆரம்பிக்க என்கிறது. அப்புறம் அவருக்குக் கழுத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். பக்கத்தில் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலும் விசிறியும் இருக்கட்டும்.

ஜெய்ப்பூர்க்கால்

சர்க்கரையால் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தவன் நான். இங்கே யாரும் எங்களைப் பற்றிப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். ஒன்று மட்டும். எடுத்த காலில் மிச்சமிருக்கிற பகுதிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும். நான் இரண்டு மாதம் அப்படிப் படுத்து முட்டி மடங்கிய இடத்திலேயே இறுகிவிட்டது. செயற்கைக் கால் போட முடியவில்லை. அதை நிமிர்த்த நான்கு மாதம் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது தினமும் இரண்டு வேளை குப்புறப் படுத்து இருபது நிமிடம் செய்தித்தாள் படிக்கிறேன். இடுப்பும் முட்டியும் நேராகும்.

நடந்துவிட்டுக் காலைக் கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு கால் மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் நம் காலை நுழைக்கிற கிண்ணம், எங்கேயோ உறுத்துகிறது. மற்ற பாதத்தையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதுதான் நமக்கு மிஞ்சியது.

மதுரை_அம்மா

என் மகனுக்கு 11 வயது. மூளை முடக்குவாதம். கால்கள் விறைப்பாக இருக்கும், வாக்கர் பிடித்து நடப்பான். பலம் கூட்டுகிற பயிற்சி கொடுத்தால் விறைப்பு இன்னும் ஏறும் என்று ஒருவர் சொன்னார். அதனால் நீவிவிடுவதோடு நிறுத்தியிருக்கிறோம். உண்மையா?

பிசியோ_திருச்சி

பழைய நம்பிக்கை அது. தசைப் பயிற்சியால் விறைப்பு கூடுவதில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து நிற்பது அவனுக்கு நல்ல பயிற்சி. முதலில் உயரமான ஸ்டூல், பழகப் பழக உயரம் குறைந்தது. கேரம் போர்டை மேஜைமேல் வைத்து, காய் போடுவதற்கு ஒருமுறை எழச் சொல்லுங்கள். எண்ணிக்கையே தெரியாமல் முப்பது தடவை எழுந்துவிடுவான்.

பென்ச்பிரஸ்_நெல்லை

இன்னொன்று மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எனக்கு அடிபட்டதிலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலு வீடியோவை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "பார், அவரால் முடிகிறது" என்று. எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் அந்த வீடியோவில் குதிப்பது மட்டும்தான் தெரிகிறது. ரியோ 2016-இல் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸ் 2024-இல் 1.85, வெண்கலம். எட்டு வருட இடைவெளியில் நான்கு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு உடம்பை எட்டு வருடம் அதே இடத்தில் வைத்திருப்பதற்குப் பின்னால் இருக்கிற தினசரி வேலையை யாராவது வீடியோ எடுத்து அனுப்பினால் நன்றாக இருக்கும்.

பிசியோ_திருச்சி

நீங்கள் சொன்னதும் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944-இல் தண்டுவடப் பிரிவை ஆரம்பித்தபோது, இப்படி அடிபட்டவர்கள் சில வருடம்தான் பிழைப்பார்கள் என்பதே பொது நினைப்பு. படுக்கைப் புண்ணும் மூத்திரத் தொற்றும் கொண்டுபோய்விடும். அவர் விளையாட்டைச் சிகிச்சையாகவே கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், 16 பேரை வைத்து ஒரு போட்டி நடத்தினார். பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

அந்த முதல் போட்டி என்ன தெரியுமா? வில்வித்தை. உட்கார்ந்துகொண்டே செய்யலாம், மேலுடம்புக்கு அவ்வளவு நல்லது என்று அவர் அதை மதித்தார். நாண் இழுப்பவருக்கு உழைப்பது எது என்று பாருங்கள். தோள்பட்டையைப் பின்னால் இழுக்கிற தசைகள். ஆத்தூர்க்காரர் ஜன்னலில் கட்டியிருக்கிற பேண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆத்தூர்_சக்கரம்

ஏழு வாரம் ஆகிவிட்டது. சொன்னபடியே செய்தேன். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, விட்டுவிடலாமா என்றிருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி விழிப்பு வந்தபோது வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். எப்போது திரும்பினேன் என்றே தெரியவில்லை.

கட்டிலை மேஸ்திரி நண்பர் ஒருவர் இரண்டு அங்குலம் அறுத்துச் சக்கர நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவந்தார். வேப்பம் பலகை ஒன்றை வழவழப்பாக இழைத்தும் கொடுத்தார். மாறும்போது குத்தல் இல்லை. அலமாரியின் மேல் தட்டுக்குக் கை நீட்டினால் மட்டும் இன்னும் வலிக்கிறது. பொருட்களைக் கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட்டோம்.

நெல்லை அண்ணன் சொன்ன மாதிரி அந்த ஜிம்மைச் சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரே ஒரு படிதான், ஐந்து அங்குலம். ஐந்தடிப் பலகை போதும். பலகையை நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாக ஜிம்காரர் சொன்னார், வாசலில் நிறுத்தாமல் உள்ளே உட்காரச் சொல்லி. மேடம், சிவப்பு பேண்டில் இப்போது பதினைந்து தடவை சுலபமாகப் போகிறது. பச்சைக்கு மாறலாமா?

பிசியோ_திருச்சி

இழுக்கிற பயிற்சிக்கு மட்டும் பச்சை. துண்டு வைத்துச் செய்வதற்கு இன்னும் மூன்று வாரம் சிவப்பே இருக்கட்டும்.